சிட்டெறும்பின் முதுகு நலப் பிரிவு

மலைமேல் இருக்கிற அரவேணு ஊர்க் கிடங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதைச் சிட்டெறும்பு பார்சல் சர்வீஸ் போன வருடம்தான் கண்டுபிடித்தது. அதுவரை அவர்கள் கையும் காலும் மட்டும் கொண்டவர்கள் என்றே நிர்வாகம் நம்பியிருந்தது. கண்டுபிடித்த வேகத்தில் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் 'முதுகு நலப் பிரிவு' ஒன்றைத் திறந்து, அதற்குக் குளிரூட்டிய அறையும் சுழல் நாற்காலிகளும் சசிரேகா என்ற மேலாளரையும் கொடுத்தார்கள்.

சசிரேகா மேடம் மலையேறி வந்த அன்று நல்ல மூடுபனி. கிடங்குக்குள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். கடைசியில் நின்ற இசக்கிமுத்து ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேன் ஓட்டுவதும் அவன்தான், வேனிலிருந்து சரக்கை இறக்கிச் சுமப்பதும் அவன்தான். அரவேணுப் பக்கம் வீடுகள் ரோட்டில் இருப்பதில்லை. ரோட்டுக்குக் கீழே தேயிலைக்கு நடுவில், படிப்படியாக இறங்கிப்போனால் வரும். அப்படி ஒரு வீட்டுக்கு மழைக்காலத்தில் ஃபிரிட்ஜ் இறக்கும்போது பிடித்த முதுகு, பிடித்தது பிடித்தபடி இருந்தது. குன்னூர் டாக்டர் இனிமேல் எதையும் தூக்காதே என்று சொல்லிவிட்டார். மனிதர் நல்லவர், ஆனால் தூக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்பதை அவர் சொல்லவில்லை.

கிடங்கின் மூலையில் ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு ஸ்டூல். சின்னப் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப்போடும் இடம் அது. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இசக்கிமுத்துவுக்கு உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அந்த ஸ்டூல் ஒன்றுதான்.

"ஒரு சிட்டெறும்பு தன்னோட எடையைப் போல எத்தனையோ மடங்கு தூக்குது," என்று சசிரேகா மேடம் ஆரம்பித்தார். "எந்த எறும்பாவது முதுகு வலின்னு லீவு கேட்டிருக்கா? கேட்காது. ஏன்னா அதுக்கு போஸ்ச்சர் தெரியும். உங்களுக்குத் தெரியலை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எர்கனாமிக்ஸ்னு ஒரு விஞ்ஞானமே இருக்கு."

எல்லாரும் பலமாகக் கை தட்டினார்கள். அந்தக் குளிருக்கு அது இதமாக இருந்தது.

பிறகு செயல்முறை விளக்கம். மேடம் ஒரு அட்டைப்பெட்டியின் முன் நின்று, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பெட்டியை மார்போடு அணைத்து எழுந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"உள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா மேடம்?" என்று இசக்கிமுத்து கேட்டான்.

"இல்லை. உள்ளே சுமை இருந்தா கவனம் சிதறும். முதல்ல முறையைக் கத்துக்கணும்."

அதன்பிறகு ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள். கறுப்புப் பட்டை, நடு முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. முதுகு ஓரளவுக்கு மேல் குனிந்தால் அது கீச்சென்று கத்தும். கத்தின கத்தல்களையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் கிடங்கில் சார்ஜ் ஏற்றும்போது தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். அதற்கு முதுகு மட்டும்தான் தெரியும். ஊர் தெரியாது, மழை தெரியாது, முதுகுக்குச் சொந்தக்காரன் யார் என்றும் தெரியாது. மதிப்பெண் குறைந்தவர்கள் வேலை முடிந்தபின் தங்கி, காலிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பயிற்சி எடுக்க வேண்டும். முதுகு வலிப்பவர்கள்தான் அதிகம் குனிகிறார்கள், ஆகையால் முதுகு வலிப்பவர்களுக்கே அதிகப் பயிற்சி கிடைத்தது. இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை.

மலையில் பிறந்த யாரும் ஏற்றத்தில் நிமிர்ந்து நடப்பதில்லை. சுமையோடு ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாயும். சாயாவிட்டால் ஆள் பின்னால் போய்விடுவான். பெல்ட்டுக்கு இது தெரியாது. முதல் நாளே அரவேணுச் சரிவுகள் முழுக்க ஒரே கீச்சுச் சத்தம். நாய்கள் துரத்தின. தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்ன பறவை என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த வாரத்திலேயே இசக்கிமுத்து ஒரு வாஷிங் மெஷினை முதுகில் கயிறு போட்டுக் கட்டி, ஞானசுந்தரி டீச்சர் வீட்டுக்கு இறக்கிக்கொண்டு போனான். டீச்சர் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, மிசினுக்கு இன்னும் கரண்டே குடுக்கல. இப்பவே இந்தக் கத்துக் கத்துது?"

"மிசினு கத்தலீங்க டீச்சர். நாந்தானுங்க கத்துறேன்."

"நீங்க ஏனுங்க கத்துறீங்க?"

"குனிஞ்சேனுங்க."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் சாக்குப்போக்குகளைக் கேட்டுப் பழகியவர். "பழுதான மிசினைத் தலையில கட்டப் பாக்கறீங்க. எனக்கு வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போயிருங்க," என்று கதவைச் சாத்திவிட்டார். அவன் அத்தனை படிகளையும் திரும்ப ஏறினான். மெஷின் முதுகில் இருந்தது, பெல்ட் விடாமல் கத்திக்கொண்டே வந்தது. பாதி வழியில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் கூட இல்லை, வலிக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒன்று அவனைத் திட்டுகிறதே என்கிற ஆற்றாமையால்.

அடுத்த முறை சசிரேகா மேடம் வந்தபோது அவன் தைரியமாகப் பேசினான். "மேடம், ஏத்தத்துல குனிஞ்சுதானுங்க ஏற முடியும்."

"இந்த பெல்ட்டை எங்க பெரிய ஆபீஸ்ல, சமதளத்துல, பல மாசம் சோதிச்சிருக்கோம். ஒரு குறையும் வரலை."

"இங்க மலைங்களே மேடம்."

"அது மலையோட பிரச்சினை இசக்கிமுத்து. பெல்ட்டோட பிரச்சினை இல்லை."

ஸ்டூல் விஷயத்தையும் அவன் கேட்டான். டாக்டர் சொன்னதைச் சொன்னான். மேடம் மிகவும் பரிவாகக் கேட்டுக்கொண்டார். "முறையாத் தூக்கினா வலிக்காது. உங்களுக்கு வலிக்குது. அப்படின்னா நீங்க முறையாத் தூக்கலை. முறையாத் தூக்காதவங்களுக்கு லேசான வேலை கொடுத்தா, முறையாத் தூக்கறவங்க மனசு என்ன பாடுபடும்? முதல்ல நல்ல மதிப்பெண் வாங்குங்க. அப்புறம் உங்க முதுகு வலியை நாங்க நிச்சயமா பரிசீலிப்போம்."

இசக்கிமுத்து வீட்டுக்கு வந்து இதை மனைவி பாலாமணியிடம் சொன்னான். பாலாமணி சிறு விவசாயிகளின் தோட்டங்களில் தேயிலை பறிப்பவள். நாள் முழுக்க நின்றபடி பறிப்பாள், பறித்த இலையை மூட்டை கட்டித் தலையில் வைத்து எடை போடும் கொட்டகைக்கு நடப்பாள். அவள் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்தால் தூண் நடந்துபோகிற மாதிரி இருக்கும். ராத்திரியானால் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவாள்.

"நெம்ப சுளுவு," என்றாள் பாலாமணி. "அதுக்கு நேரா நிக்கற முதுகு ஒண்ணு வேணும், அவ்வளவுதானுங்களே? நாங் கட்டிக்கறேன்."

"கண்டுபுடிச்சா?"

"அதுக்குக் கண்ணா இருக்குது?"

மறுநாளிலிருந்து பெல்ட் பாலாமணியின் இடுப்பில், ஸ்வெட்டருக்கும் அதற்கு மேல் கட்டிய சாக்குக்கும் அடியில் இருந்தது. சாயங்காலம் இசக்கிமுத்து கொட்டகைப் பக்கம் வேனை நிறுத்தி அதை வாங்கிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டுவிடுவான். இந்தக் குளிரில் யார் அவன் கோட்டைத் தூக்கிப் பெல்ட்டைத் தேடப்போகிறார்கள்?

மதிப்பெண் ஏறியது. ஏறியது என்றால் சாதாரணமாக இல்லை. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் பெனிஸ் ஓடிவந்தார். இசக்கிமுத்துவைவிட வயதில் சின்னவர், நல்ல பிள்ளை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுபவர். "அண்ணா! தென்னிந்தியாவுலயே உங்க முதுகுதானுங்க முதல் முதுகு. மேடம் கேமராவோட வர்றாங்க!"

வந்தார்கள். கிடங்கு வாசலில் வாழைமரம் கட்டி, இசக்கிமுத்துவுக்கு மாலை போட்டார்கள். மாலை கனமாக இருந்ததால் அவன் முகம் சுளித்தான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இவர் நாள் முழுக்கச் சுமையோட நடக்கறார். ஒரு தடவைகூட முதுகு வளையலை," என்று மேடம் கேமராவைப் பார்த்துச் சொன்னார். "முதல் மாசம் இவர் என்கிட்ட முதுகு வலின்னு சொன்னவர். இன்னைக்குப் பாருங்க. பெல்ட் கட்டினா வலி போயிடும்ங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? சொல்லுங்க இசக்கிமுத்து, உங்க ரகசியம் என்ன?"

கேமரா விளக்கில் கண் கூசியது. அவனுக்குப் பாலாமணி நடந்துபோகிற காட்சி மட்டும்தான் மனதில் வந்தது.

"தலைமேல வெச்சு நடப்பனுங்க," என்று உளறிவிட்டான்.

மேடத்தின் கண்கள் விரிந்தன. அந்த உளறலிலிருந்து ஒரு திட்டமே புறப்பட்டது. சில வாரங்களில் எல்லாக் கிடங்குகளுக்கும் எறும்புச் சின்னம் பொறித்த சும்மாடுகள் வந்து இறங்கின. நம் வீடுகளில் பழைய துணியைச் சுருட்டிச் செய்கிற அதே சும்மாடுதான். ஆனால் இதற்குத் 'தலைத்தளம்' என்று பெயர், கூடவே ஒரு கையேடும் இருந்தது. இனிச் சுமைகளைத் தலைமீதே எடுத்துச் செல்ல வேண்டும் என்று உத்தரவு. கூட வேலை செய்கிறவர்கள் இசக்கிமுத்துவை அன்போடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

விழா முடிந்த அன்றே அவன் தனியாக மேடத்தைப் பார்த்திருந்தான். "நல்ல மதிப்பெண் வாங்கிட்டனுங்க. அந்த ஸ்டூலு..."

"தென்னிந்தியாவோட முதல் முதுகை ஸ்டூல்ல உட்கார வைக்கறதா?" மேடம் சிரித்தேவிட்டார். "நீங்க ரொம்ப வேடிக்கையாப் பேசறீங்க."

ஸ்டூல் எப்படியும் காலியாக இல்லை. பெல்ட்டுகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியை அதன்மேல் வைத்திருந்தார்கள், கீழே வைத்தால் குனிய வேண்டியிருக்கிறது என்று.

பொய் சொன்னவன் பொய்ப்படி நடந்தாக வேண்டும் அல்லவா? இசக்கிமுத்துவும் தலைத்தளத்தைத் தலையில் வைத்தான். ஒரு சாரல் நாளில், மடக்குக் கட்டில் பார்சல் ஒன்றைத் தலையில் தாங்கிக்கொண்டு பாசி படர்ந்த படிகளில் இறங்கினான். தலையில் சுமை இருந்தால் காலடி தெரியாது. பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை, காலே பார்த்துக்கொள்ளும். அவன் கால் அப்படிப் பழகிய கால் இல்லை. கட்டில் ஒரு பக்கம் போனது, அவன் இன்னொரு பக்கம் போனான். தேயிலைச் செடி ஒன்று அவனைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் வட்டு நகர்ந்துவிட்டது, மாதக்கணக்கில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்றார்கள். வேலையில் விழுந்த அடி என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் வைத்தியம் நடக்கும், தேறிவந்ததும் வேலையும் இருக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டும் இல்லை. பெனிஸ் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கட்டில் ஓரமாக நின்றார். முகம் சரியில்லை.

"அண்ணா, ஆபீஸ்ல நீங்க விழுகவே இல்லைங்கறாங்க."

"படுத்திருக்கறதப் பாத்தீங்களா தம்பி?"

"நான் பாத்தனுங்க. பெல்ட்டு பாக்கலீங்களே. உங்க வீட்ல இருந்து அதை வாங்கிட்டுப் போயிச் சார்ஜுல போட்டமுங்க. அந்த நேரத்துல உங்க முதுகு நேரா இருந்திருக்குது. விழுந்ததுக்கு அப்புறமும் சாயங்காலம் வரைக்கும் நேரா நடந்திருக்குதுங்க. அன்னிக்கு மதிப்பெண்ணு எப்பவும் விட எச்சு."

இசக்கிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பயம் என்று ஒன்று இவ்வளவு நாள் அவனுக்குள் இருந்தது. இப்போது தேடிப்பார்த்தால் அதைக் காணோம், அலுப்புதான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பெல்ட் பாலாமணியிடம் இருந்ததையும், தலைமேல் சுமையோடு நடந்தது அவள்தான் என்பதையும் சொன்னான். பெனிஸ் வெளியே போய் மேடத்துக்குப் போன் போட்டார்.

இசக்கிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சசிரேகா மேடமே நேரில் வந்தார். ரோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு இறங்குகிற படிகளில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து இறங்கிவந்தார். போலீஸ் வருமோ என்றுகூட அவன் நினைத்திருந்தான். மேடம் கையில் பூங்கொத்து இருந்தது. அதை அவனைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பாலாமணியிடம் நீட்டினார்.

"நான் கோபமா வரலை. பெல்ட் பொய் சொல்லிடுச்சோன்னு ஒரு ராத்திரி முழுக்க நான் தூங்கலை. இப்போதான் நிம்மதி. பெல்ட் சொன்னது அத்தனையும் உண்மை. தென்னிந்தியாவோட முதல் முதுகு இந்த வீட்லதான் இருக்கு. எங்க கணக்குல ஆள்தான் மாறியிருக்கு."

"எனக்கு அடி பட்டதுங்க மேடம்..." என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அந்த நேரத்துல நீங்க பெல்ட் கட்டியிருக்கலை. பெல்ட் கட்டாதவர் எங்க ஊழியர் ஆகமாட்டார். ஊழியரில்லாதவர் விழுந்தா அதுல நாங்க தலையிடறது நாகரிகமில்லை." மேடம் மறுபடி பாலாமணியின் பக்கம் திரும்பினார். "அந்த வேலையை உங்களுக்குக் கொடுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். இனிமே இந்த மாதிரி ஆள் மாறாட்டம் நடக்கக்கூடாதுன்னு ஒரு விதியும் போட்டிருக்கோம். பெல்ட் கட்டாத ஊழியர் யாரும் சரக்கைத் தொடக்கூடாது."

"எனக்கு பெல்ட்டு குடுக்கலீங்களே மேடம்?" என்றார் பின்னால் நின்ற பெனிஸ்.

"சூப்பர்வைசர்களுக்கு முதுகு ஒதுக்கலை. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

பாலாமணி பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "வேலை செய்யறனுங்க மேடம். எங்களுக்கும் வேற வழியில்ல. ஆனா எனக்குக் கழுத்துதானுங்க ஆகறதில்ல. சாயங்காலமானா திருப்ப முடியறதில்லீங்க."

சசிரேகா மேடம் அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் உண்மையான பிரியம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். "கழுத்துக்கு இன்னும் கருவி வரலைம்மா. வர்ற வரைக்கும் அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

அவர்கள் போனபின் இசக்கிமுத்து, "வேண்டாம் புள்ள," என்றான். "நான் பட்டது போதாதா?"

"அப்ப நீங்க எந்திரிச்சு வேலைக்குப் போறீங்களா?" என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகு தன்மேலேயே கோபம் வந்து, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் பெனிஸே வேனை ஓட்டினார். இசக்கிமுத்து வீட்டுக்கும் கீழே இருக்கிற ஒரு வீட்டுக்கு மரப்பெட்டி பார்சல் ஒன்று வந்திருந்தது. வேன் வந்து மேலே ரோட்டில் நிற்பதும், பாலாமணி பெட்டியை இழுத்து இறக்குகிற சத்தமும் கட்டிலில் படுத்திருந்த இசக்கிமுத்துவுக்குக் கேட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

தலைச்சுமையை யாரும் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. தோட்டத்தில் எந்த மூட்டையும் அப்படி ஏறியதில்லை. எதிர்ப்பக்கம் ஒருத்தி பிடித்துத் தூக்கிவிடுவாள், அவள் மூட்டையை இவள் தூக்கிவிடுவாள். வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டியதில்லை. முதுகு நலப் பிரிவில் எவ்வளவோ படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் யார் தலையிலும் எதுவும் ஏறியதில்லை.

"ஒரு கை புடிங்க தம்பி," என்று பாலாமணி சொல்வது கேட்டது.

"அக்கா, நான் தொடக்கூடாதுங்க. மேடம் சொன்னது நீங்களும் கேட்டீங்கல்ல."

"யாராச்சும் இருக்கீங்களா? ஒரு கை தூக்கி விட்டுட்டுப் போங்க!"

அந்த நேரத்தில் ரோட்டில் யார் இருப்பார்கள், எல்லாரும் தோட்டத்தில். அவள் மறுபடி கூப்பிட்டாள். புருஷன் கீழே படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். அவனைத் தவிர ஊரில் மற்ற எல்லாரையும் கூப்பிடுகிறாள் என்பது அவனுக்கும் தெரிந்தது. அது பொறுக்கவில்லை.

பக்கவாட்டில் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து இறங்கினான். கம்பியைப் பிடித்தும், முடியாத இடத்தில் கையை ஊன்றியும், படிகளில் ஏறினான். சிட்டெறும்பு பார்சல் சர்வீஸின் சரித்திரத்தில் அவ்வளவு வளைந்த முதுகு ஏறியிருக்காது. அவனைக் கண்டதும் பாலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்கள யாருங்க வரச் சொன்னா? போய்ப் படுங்க!"

"புடி," என்றான்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பெட்டி எழும்பி அவள் தலையில் அமர்ந்தது. அவனுக்குள் எதுவோ முறிகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். பாலாமணி திரும்பிப் பார்க்க முடியாத கழுத்தோடு, நிமிர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் படியிறங்கிப் போனாள்.

பெனிஸ் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை வந்தீங்கண்ணா. நாந்தான் தொடக்கூடாது. நீங்க இப்பக் கம்பெனி ஆளு இல்லீங்களே, உங்களுக்கு ரூலே கெடையாதுங்க." வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பெட்டி இருக்குது. இருக்கறீங்களா?"

உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று இசக்கிமுத்துவுக்குத் தெரிந்தது. வேனில் சாய்ந்து நின்றுகொண்டு, "இருக்கறேனுங்க," என்றான்.